ஹைப்போ கேன்கள் போன வழி

அன்று காலை உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரரை வழியனுப்பினேன். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து லிட்டர் பழைய ஃபிக்ஸர். போட்டோ கழுவும்போது படம் அழியாமல் நிற்பதற்காகக் கடைசியாக முக்கி எடுக்கும் மருந்து அது. எங்கள் தொழிலில் ஹைப்போ என்போம். வழியில் சிந்தாமல் இருக்க, மூடிகளைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

சோறு வடித்த கஞ்சி ஆறவில்லை, மொபெட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர்தான். கால் வைக்கும் இடத்தில் இரண்டு காலிக் கேன்கள்.

எங்கள் ஊர் மானாம்பதி சாலையில் இருக்கிறது. இங்கிருந்து உத்திரமேரூர் போய், மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் சேர அந்த மொபெட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். வர இன்னொரு மணி. இவர் போய்த் திரும்பியது முக்கால் மணிக்குள்.

அதற்குள் வந்துவிட்டீர்களே என்று கேட்டேன். கேன் வாங்குகிற ஆள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தான், அங்கேயே கொடுத்துவிட்டேன் என்றார். குனிந்து செருப்பை உதறிக்கொண்டே சொன்னார். த்ரீபேஸ் கரண்ட் வந்துவிட்டதாம், மோட்டார் போட வேண்டுமாம். சாப்பிடாமலே பம்புசெட் இருக்கும் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

காலிக் கேன் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஹைப்போ இருந்த கேனைப் பத்து முறை கழுவினாலும் அந்தப் புளித்த நெடி போகாது. இதில் கடலை எண்ணெய் வாசனை வந்தது.

கடலை மூட்டை இருந்த அறை

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் இருபது வருடத்துக்கு மேல் இருட்டறையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தது. இருட்டறையை மருந்துக் கடையாக மாற்றினார்கள். டாக்டர் மரியாதையாகவே பேசி அனுப்பி வைத்தார். தட்டுகளையும் சிவப்பு விளக்கையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சில மாதங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிடுவேன். எழுந்திரு என்றால் எழுந்திருப்பேன். இவர் விவசாயி, பேச்சு குறைவு. ஒருநாள் பின்னறையில் இருந்த கடலை மூட்டைகளை இவரே தூக்கி வெளியே போட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தார். படத்தைப் பெரிதாக்கும் பழைய கருவி ஒன்றை எங்கேயோ விலைக்குப் பிடித்து, வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "இங்கயே கழுவு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்படித்தான் ஃபிலிம் கேமராவில் எடுத்து வீட்டிலேயே கழுவ ஆரம்பித்தேன். நாற்று நடும் பெண்கள், கடைத்தெரு முகங்கள். கொடுத்தால் வாங்கிப் பார்த்துவிட்டு, கலராக இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பார்கள். கறுத்த ஜன்னலும் சிவப்பு வெளிச்சமும் வினிகர் வாடையும் சேர்ந்து, எக்ஸ்ரேக்கா வீட்டில் என்ன காய்ச்சுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது.

யாரைக் கேட்பது

நர்ஸிங் ஹோம் இருட்டறையைப் பற்றி எழுதியபோது ஒரு வாசகி கேட்டிருந்தார்: அந்த மருந்துத் தண்ணீரையெல்லாம் எங்கே ஊற்றினீர்கள்?

ஃபிலிமில் படத்தை வரவைக்கும் டெவலப்பரைத் தொட்டியில் ஊற்றினோம். அது தெருச் சாக்கடைக்குப் போயிற்று. ஹைப்போவில் மட்டும் ஃபிலிமில் இருந்து கரைந்த வெள்ளி இருக்கும் என்பதால் அதற்கு ஓர் ஆள் கேனோடு வருவான். வெள்ளியை எடுத்த பிறகு மிச்சத் தண்ணீரை அவன் என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை. இருபது வருடம் கேட்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் ஊற்றப் போனபோதுதான் கை நின்றது. ஊரில் சாக்கடைக் குழாய் கிடையாது. குளியலறைத் தண்ணீர் பின்னால் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. அதிலிருந்து இருபது அடியில் எங்கள் போர்வெல். வெள்ளி கலந்த தண்ணீர் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களையும் குளத்து மீனையும் கொல்லும் என்று படிக்கிற காலத்தில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னாத்துக்குக் கேக்கறீங்க? எங்கனா ஊத்திட்டீங்களா?" என்றார். இல்லை, ஊற்றுவதற்கு முன் கேட்கிறேன் என்றேன். ஊற்றாதவர் யாராவது வந்து கேட்பார்களா என்கிற மாதிரி என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

செப்டிக் டேங்க் லாரிக்காரரைக் கேட்டேன். முன்பெல்லாம் கண்ட இடத்தில் கொட்டுவோம், இப்போது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், உங்கள் கெமிக்கல் கலந்தால் அங்கே கழிவைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும், என் லைசென்ஸ் போய்விடும் என்றார். கடைசியில் மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. மண்ணிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ விடக்கூடாது, அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கவும். அப்படி ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எத்தனை பேரல் என்று கேட்டார்கள். இரண்டு கேன் என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

எங்கள் உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அதில் யார் உட்காரலாம், யார் கூடாது என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் இருந்திருந்தால் அவர்களிடமே போயிருப்பேன். என் பெயரை அவர்களும் குறித்துக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நான் அலைவதைப் பார்த்து இவர் சொன்னார், காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப் புடவை ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடலாம், நீ விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. விட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கேன். போவார், மதியம் காலிக் கேனோடு வருவார். ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று.

ஒரு சொட்டு

கடலை எண்ணெய் வாசனைக்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

கேன்களில் நகப்பூச்சால் தமிழ் மாதத்தின் பெயர் எழுதி அனுப்புவது என் வழக்கம். திரும்பி வந்த எந்தக் கேனிலும் அந்த எழுத்து இருந்ததில்லை. அந்த ஆள் கேனை மாற்றித் தருகிறான் என்று முன்பே சொல்லியிருந்தார், நம்பியிருந்தேன். கிழக்கு மூலைக் கழனியில் நெல் மஞ்சள் அடித்தது. நுண்ணூட்டம் போதவில்லை என்று உரக்கடையில் சொன்னார்கள். எனக்கு அது ஹைப்போவாகத் தெரிந்தது. பம்புசெட் தொட்டியில் வாய் கொப்பளித்துக் குடிக்கிற மனிதர் இப்போது வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகிறார். அதையும் கவனித்தேன்.

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்வார். அந்தப் பொய்யைக் காதால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னதாக எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கும் சொன்னதில்லை என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அந்த வாரம்தான் யோசித்தேன்.

ஹைப்போவில் வெள்ளி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து உண்டு. ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாகத் திரளும். அந்தப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, கீரை பறிக்கப் போகிறவள் போல, எங்கள் கழனிக்குப் பாயும் வாய்க்கால் ஓரம் போனேன். டம்ளரில் தண்ணீர் மொண்டு சொட்டு விட்டேன். தெளிவாகவே இருந்தது. ஓடுகிற தண்ணீரில் கலந்துபோன வெள்ளியை அந்தச் சொட்டு காட்டாது என்பதும் எனக்குத் தெரியும். வாய்க்காலில் நான்கு இடத்தில் மொண்டு பார்த்துவிட்டு, கீரை இல்லாமல் திரும்பி வந்தேன்.

ஜரிகை உருக்குகிறவர்

இரண்டு நாள் கழித்து, பல் வலி என்று இவரிடம் சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஆக, நானும் பொய்தான் சொன்னேன்.

அந்தத் தெருவில் பழைய பட்டு வாங்கும் கடைகள் நாலைந்து இருந்தன. விசாரித்து ஒரு சந்துக்குள் போனேன். வாசலில் கிழிந்த புடவைகள் குவிந்து கிடந்தன. உள்ளே எரிந்த பட்டு நாறியது. ஒருவர் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெயரையும் ஹைப்போ கேனையும் சொன்னதும் துண்டை இறக்கினார்.

"அவரா? ஒரே ஒரு தபா வந்தாரு. கேன இறக்கி வெச்சிட்டு, வெள்ளிய எடுத்துட்டு மிச்சத் தண்ணிய இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாரு. தோ, அந்தக் கால்வாய்லதான்னு காட்னேன். ஒண்ணும் பேசல. ரெண்டு கேனையும் தூக்கினு போயிட்டாரு. அதுக்கப்பறம் வர்ல."

அவர் காட்டிய கால்வாயைப் பார்த்தேன். கறுப்பாக ஓடியது. வேகவதி ஆற்றுக்குப் போகிறது என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்வாயைப் பார்த்து மனம் ஒப்பாமல் கேனைத் தூக்கி வந்தவர் வாய்க்காலில் ஊற்றியிருப்பாரா? ஊற்றவில்லை என்றால் எங்கே? கேன் எங்கே என்று தெரியவில்லை. ஒன்றரை வருடமாக என்னிடம் நடித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வரப்பில் நடந்து நேராகக் கொல்லைக்குப் போனேன்.

பம்புசெட் ரூம்

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இவர் மடையில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பம்புசெட் ரூம் கதவில் ஒரு புதுப் பூட்டு. கிழட்டு மோட்டாருக்கு எதற்குப் பூட்டு?

"தொறங்க" என்றேன்.

என் கையில் இருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்தார். காலைக் கழுவிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

சுவரோரம் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் கேன்கள் வரிசையாக நின்றன. மேலே உரச் சாக்கைப் பிரித்துப் போர்த்தியிருந்தார். சாக்கை நீக்கினால் என் நகப்பூச்சு எழுத்துகள். புரட்டாசி. கார்த்திகை. தை. கடலை எண்ணெய்க் கடையில் பழைய கேன் வாங்கி, கழுவி, எனக்குக் காலிக் கேனாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சீக்கிரம் வந்தால் சந்தேகம் வரும் என்று டீக்கடையில் மதியம்வரை உட்காருவாராம். அன்று கரண்ட் நேரம் மாறிவிட்டதால் உட்கார முடியவில்லையாம்.

"ஏங்க சொல்லல?" என்றேன். சத்தமாகக் கேட்கத்தான் நினைத்தேன்.

"சொன்னா நீ கழுவறத நிறுத்திடுவ. மறுபடி போயி சொவத்தப் பாத்துகினு படுத்துக்குவ. அதான்."

அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் வேலை கொடுத்தால் போதும் என்று கேன்களை எண்ண ஆரம்பித்தேன். தடவைக்கு இரண்டு வீதம் பதினெட்டு இருக்க வேண்டும். பதினேழுதான் இருந்தது. பங்குனி என்று எழுதியதில் ஒன்றைக் காணோம்.

இவருக்கு அது அதுவரை தெரியாது. இவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பூட்டு போட்டது இந்தக் கோடையில்தானாம். அதற்கு முன் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. மண்வெட்டியும் கூடையும் அங்கேதான் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் எடுப்பார்கள், வைப்பார்கள்.

கன்னியம்மா எடுத்திருப்பாள் என்று உடனே சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏழெட்டு இருளர் வீடுகளில் ஒன்று அவளுடையது. என் வயதுதான் இருக்கும். நடவுக்கும் களைக்கும் எங்களிடம்தான் வருவாள். எடுத்தவள் அவளாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் தோன்றியது என்பதை இதை எழுதும்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடு முகர்ந்த கேன்

அவள் வீட்டு வாசலில், வேலியோரம், அந்தக் கேன் இருந்தது. பாதிக்கு அறுத்து, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாக ஆக்கியிருந்தாள். அறுத்த ஓரத்துக்குக் கீழே 'பங்' என்கிற எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது.

கன்னியம்மா பயப்படவில்லை. காலிக் கேன் இருந்தால் எடுத்துக்கொள் என்று போன வருடமே அண்ணன் சொல்லியிருந்தார் என்றாள். இவர் தலையாட்டினார். சொல்லியிருந்தார்தான். உரக்கேன்களை நினைத்துச் சொன்னது.

அது காலியாக இல்லையே என்றேன்.

"ஆமாக்கா, ஏதோ மருந்துத் தண்ணி இருந்துச்சி. கீழ ஊத்திட்டேன். சாம்பல் போட்டுத் தேச்சித் தண்ணி வெச்சேன். ஆடு மூந்து பாத்துட்டு வுட்டுட்சி. ஆடு குடிக்காத கேன்ல நாங்க எப்பிடிக் குடிக்கறது? அப்பிடியே போட்டுட்டேன்."

எங்கே ஊற்றினாய் என்று கேட்டேன். கைப்பம்பைக் காட்டினாள். அந்த ஏழெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான் தண்ணீர். கேனை அங்கே கழுவியதால் அங்கேயே ஊற்றியிருக்கிறாள்.

அது என்ன தண்ணீர் என்று நான் சொன்னேன். வெள்ளி என்றேன். குடிப்பதற்கு இல்லை என்றேன். ஐந்து லிட்டர் ஒரு பம்பைக் கெடுத்துவிடாது என்று என் படிப்பு சொல்கிறது, ஆனாலும் பரிசோதிக்க வேண்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஊர்ல உங்க வூட்ல இன்னாமோ காச்சறாங்கன்னு பேசிக்கினாங்கோ. நான் ஒரு வார்த்த பேசல" என்றாள்.

இவர் அவசரமாகச் சொன்னார், பரிசோதனை முடியும்வரை எங்கள் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு உங்கள் வீடுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்று.

கன்னியம்மா அவரைப் பார்த்தாள்.

"அந்தக் கெணத்தாண்டதான மிச்ச கேனெல்லாம் கீது?"

வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகிறவர் என்ன பதில் சொல்வார்?

லாரிக்குப் பின்னால்

நர்ஸிங் ஹோமில் என்னோடு இருந்த நர்ஸ் ஒருத்தி இப்போது வேறொரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள். அங்கே இன்னும் கொஞ்சம் ஃபிலிம் ஓடுகிறது. அவர்களுடைய ஹைப்போவை அனுமதி பெற்ற ஒரு லாரி வந்து எடுக்கிறது. அவள் பேசிப் பேசி, எங்கள் கேன்களையும் அதில் சேர்க்கச் சம்மதிக்க வைத்தாள். அதற்கான படிவத்தில் கழிவு உற்பத்தியாகும் இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'வீடு' என்று எழுதினேன். லாரிக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

லாரி எங்கள் கொல்லைக்கே வந்தது. பதினேழு கேனையும் நாங்களே ஏற்றினோம். ரசீது கையில் வந்தது. லாரி திரும்பியதும் இவர் மொபெட்டை உதைத்தார்.

"ஏறு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏறிக்கொண்டேன்.

உத்திரமேரூர் தாண்டி வாலாஜாபாத் சாலையில் அந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். திருமுக்கூடல் பாலத்தில் ஏறியதும் லாரி மெதுவானது. பாலம் முடிகிற இடத்தில் ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கி, பாலாற்று மணல் பக்கம் போனார். இவர் மொபெட்டை அணைத்தார். என் கை அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. டிரைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து, லாரியைக் கிளப்பினார். சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரகடம் தாண்டி ஒரு பெரிய கேட். லாரி உள்ளே போனது. வாட்ச்மேன் எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றோம். சந்தேகமாகப் பார்த்தார். சுவர் உயரம். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரிய வழி இல்லை. ரசீதில் சீல் தெளிவாக இருக்கிறது என்று இவர் நான்கு முறை சொன்னார்.

கைப்பம்புத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தேன். உப்பு, கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு என்று வரிசையாகப் போட்டு, இரண்டும் குடிக்கத் தகுந்தது என்று வந்தது. வெள்ளி என்று அதில் வரியே இல்லை. அதைப் பார்க்க வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

முதல் தாளைக் கன்னியம்மாவிடம் கொண்டுபோனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன்.

"நல்ல தண்ணின்னு போட்டுகிதா?" என்றாள்.

போட்டிருக்கிறது, ஆனால் நான் பார்க்கச் சொன்னது இதில் இல்லை என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

இப்போதும் போட்டோ கழுவுகிறேன், முன்பைவிடக் குறைவாக. நிறைந்த கேன்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கின்றன. லாரி வரும் நாள் காலண்டரில் இருக்கிறது.

காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன். கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் குடத்தோடு எங்கள் வரப்பில் நடந்து, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத் தெருக் குழாய்க்குப் போகிறார்கள். கைப்பம்பு அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. திரும்பி வரும்போது கன்னியம்மா என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். குடத்தை இறக்க மாட்டாள்.